தோளில் நழுவும் பட்டைக்கு இடுப்பில் இருக்கும் காரணம்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம், எடை 12 கிலோ. சில மாதங்கள் முன்புவரை கார் சீட்டைப் பின்பக்கம் பார்த்து வைத்திருந்தோம். காலை மடக்கிக்கொண்டு உட்கார்கிறானே என்று முன்பக்கம் திருப்பிவிட்டோம். அதிலிருந்து தோள் பட்டை நிற்பதே இல்லை, அதிலும் இடது பக்கம் ரொம்ப மோசம். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே நழுவிக் கைக்கு வந்துவிடுகிறது. அவனும் அந்த இடைவெளியில் கையை வெளியே எடுத்துவிடுகிறான். இறுக்கினால் அழுகிறான். "பிள்ளைக்கு மூச்சு முட்டும், கொஞ்சம் தளர்த்தி விடு" என்கிறார் என் மாமியார். இரண்டு பட்டையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துப் பிடிக்கிற ஒரு கிளிப்பை இணையத்தில் வாங்கி மாட்டியிருக்கிறேன். கழுத்தில் உரசாமல் இருக்கப் பஞ்சு வைத்த உறையும் தனியாக வாங்கிப் போட்டேன். இது போதுமா? பட்டையில் வாந்தி நாற்றம் வேறு. வாஷிங் மெஷினில் போடலாமா? அவன் உட்கார்ந்திருக்கும் படங்களை அனுப்பியிருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படங்களையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. பட்டை நழுவுவது உங்கள் மகனின் குறும்பால் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டையும் பழுதானதாகத் தெரியவில்லை. கடிதத்தையும் படத்தையும் வைத்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றையும் நீங்களே, வண்டி நின்றிருக்கும்போது, சரிசெய்துவிடலாம். நீங்கள் வாங்கிய கிளிப் இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சரிசெய்யாது. பட்டை தோளில் இருப்பதுபோலக் காட்டிக் காரணத்தை மறைத்துவிடும். அதனால் அடுத்த பயணத்துக்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கார் சீட்டுகளைச் சரிபார்த்து, பெற்றோருக்குப் பொருத்தக் கற்றுக்கொடுப்பது என் தொழில். தோள் பட்டை நழுவுகிறது என்று வருகிறவர்கள் தோளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் முதலில் கை வைப்பது குழந்தையின் இடுப்பில்.

இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் ஐந்து முனைப் பட்டை எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான சீட்டுகளில் இடுப்புக்கும் தோளுக்கும் தனித்தனிப் பட்டை கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒரே நீளப் பட்டைதான். இடுப்பின் ஓரத்தில் தொடங்கி, பக்கிளுக்குள் (சிவப்புப் பொத்தான் உள்ள பூட்டு) போகும் உலோக நாக்கின் துளை வழியாக நுழைந்து, நெஞ்சின் மேல் ஏறி, தோளைத் தாண்டி, சீட்டின் முதுகில் உள்ள துளைக்குள் போய்விடும். பின்னால் இரண்டு பக்கப் பட்டையும் ஓர் உலோகத் தகட்டில் சேரும். அந்தத் தகட்டிலிருந்து ஒற்றைப் பட்டை சீட்டுக்கு அடியில் ஓடி முன்னால் வெளியே வரும். நாம் பிடித்து இழுத்து இறுக்குவது அதைத்தான்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். முன்னால் உள்ள பட்டையை இழுத்ததும் முதலில் இறுகுவது தோள் பகுதி. பட்டை அந்த உலோக நாக்கில் மடிந்து திரும்புகிறது அல்லவா, அங்கே உராய்வு இருக்கிறது. அதனால் இடுப்புப் பகுதியில் தேங்கிய தளர்வு முழுவதும் மேலே வந்துவிடாது. தோளில் கை வைத்துப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். நீங்களும் திருப்தியாகக் கதவைச் சாத்திவிடுவீர்கள். பிறகு வண்டி குலுங்க, பிள்ளை இப்படியும் அப்படியும் நெளிய, இடுப்பில் நின்ற தளர்வு மெல்ல மெல்ல நாக்கைத் தாண்டித் தோளுக்கு வந்து சேரும். கிளம்பும்போது சரியாக இருந்த பட்டை கொஞ்ச நேரத்தில் நழுவுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது அநேகமாக இதுதான்.

ஆகவே இறுக்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில் அவனுடைய பின்புறம் சீட்டின் முதுகோடு ஒட்டும்படி நன்றாக உள்ளே தள்ளி உட்காரவையுங்கள். சரிந்து உட்கார்ந்த பிள்ளையை எவ்வளவு இறுக்கினாலும், நிமிரும்போது பட்டை தளர்ந்துவிடும். கைகளை உள்ளே விட்டு, பக்கிளைச் சொடுக்குச் சத்தம் கேட்கும்வரை மாட்டுங்கள். மாட்டியதும் ஒருமுறை மேலே இழுத்து, பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். அடுத்ததுதான் பலரும் விட்டுவிடுகிற வேலை. முன் பட்டையைத் தொடுவதற்கு முன், ஒரு பக்கத் தோள் பட்டையை நெஞ்சருகே பிடித்து மேல்நோக்கி இழுங்கள். இடுப்பின் மேல் கிடக்கும் பட்டை தொடையோடும் இடுப்பெலும்போடும் படிந்து உட்காருவது கண்ணுக்கே தெரியும். மற்றப் பக்கமும் அப்படியே. இப்போது இடுப்பில் இருந்த தளர்வெல்லாம் தோளில் இருக்கிறது. இனி முன் பட்டையைக் கையேடு காட்டும் திசையில் இழுத்தால் அது மொத்தமும் சீட்டின் பின்னால் போய்விடும். இழுத்து முடித்த பிறகு இன்னொரு தடவை இடுப்பைத் தொட்டுப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுபடி மேலே ஏற்றி, மறுபடி இழுங்கள். பழகிவிட்டால் இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பட்டை வயிற்றின் மேல் இருக்கக் கூடாது, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக இருக்க வேண்டும். மோதலில் எலும்பு தாங்கும் விசையை வயிறு தாங்காது. கால்களுக்கு நடுவே வருகிற பட்டையின் வேலையும் அதுதான். இடுப்புப் பட்டை மேலே ஏறிவிடாமலும், பிள்ளை அதற்கு அடியில் வழுக்கிப் போகாமலும் அது பிடித்துக்கொள்கிறது.

போதுமான இறுக்கம் எது? ஒரு விரல் நுழையலாம், இரண்டு விரல் நுழையலாம் என்றெல்லாம் சொல்வார்கள். விரலின் பருமன் ஆளுக்கு ஆள் மாறும். பட்டைக்கு அடியில் விரலை அழுத்தித் திணித்தால் அது நுழையத்தான் செய்யும். நான் கற்றுக்கொடுப்பது கிள்ளிப் பார்க்கும் முறை. காறை எலும்புக்கு நேரே, தோளின் மேல் பட்டையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேலும் கீழுமாகக் கிள்ளிப் பாருங்கள். விரல்களுக்குள் ஒரு மடிப்பு சிக்கினால் தளர்வு இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரியாக இருக்கிறது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் மாமியாருக்கு இதைச் செய்தே காட்டுங்கள். அவருடைய கவலை நியாயமானது. பிள்ளை அழும்போது தளர்த்திவிடத்தான் யாருக்கும் மனம் வரும். கிள்ள முடியாத அளவு என்பது சதைக்குள் புதையும் அளவு கிடையாது. பட்டை உடம்போடு நேராகப் படிந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இறுக்கத்தில் மூச்சு நன்றாகவே ஓடும். பிள்ளை பேசுவான், பாடுவான், கத்துவான். துணியில் லேசான தடம் விழுந்து மறைந்தால் பயமில்லை. தோலில் ஆழமான தடம் தெரிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் சிவந்திருந்தாலோ, தளர்த்துவதற்கு முன் பட்டை எங்காவது முறுக்கியிருக்கிறதா, உயரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தில் உரசுவதுகூடப் பல நேரம் தளர்ந்த பட்டையால்தான் வருகிறது. படிந்த பட்டை தோளோடு நகரும். தளர்ந்தது நழுவி நழுவிக் கழுத்தோரம் போய்த் தேய்க்கும்.

இந்தச் சின்னத் தளர்வுக்கு ஏன் இவ்வளவு மன்றாடுகிறேன் என்று தோன்றலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். வண்டி மோதும்போது அதன் முன்பகுதி நசுங்கி, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு போன்ற சிறு நேரத்தில் நின்றுவிடுகிறது. சீட்டோடு இறுகப் பிணைந்த பிள்ளைக்கு அந்த நேரம் முழுவதும் கிடைக்கிறது. வண்டி வேகம் குறையக் குறைய அவனும் கூடவே வேகம் குறைகிறான். பட்டை தளர்ந்திருந்தால், அந்த நேரத்தின் தொடக்கத்தில் பிள்ளை பழைய வேகத்திலேயே முன்னால் போய்க்கொண்டிருப்பான். பட்டை அவனைப் பிடிக்கும்போது வண்டி ஏற்கெனவே வேகம் குறைந்திருக்கும். மிச்சம் இருக்கும் கொஞ்ச நேரத்தில் அவனை நிறுத்த வேண்டியிருப்பதால் நெஞ்சிலும் கழுத்திலும் விழும் விசை கூடிவிடும். தலை அதிக தூரம் முன்னால் போய், முன் சீட்டில் இடிக்கும் வாய்ப்பும் கூடும். தோளிலிருந்து ஒரு பட்டை முழுக்க நழுவியிருந்தால் மேல் உடம்பு அந்தப் பக்கமாகத் திரும்பி வெளியே வந்துவிடும்.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். இது உங்கள் படத்தில் தெளிவாகவே தெரிகிறது. பட்டை சீட்டின் முதுகிலிருந்து வெளியே வரும் துளை அவனுடைய தோளுக்குக் கீழே இருக்கிறது. பின்பக்கம் பார்த்து வைத்திருந்தபோது இது சரியான இடம். திருப்பியபோது சீட்டை மட்டும் திருப்பியிருக்கிறீர்கள், பட்டையின் உயரம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இது மிக அதிகமாகக் கண்ணில் படுகிற தவறு. சீட்டைத் திருப்பினால் பட்டை உயரத்துக்கான விதியும் மாறும் என்று யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

பின்பக்கம் பார்க்கும் சீட்டில் பட்டை தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்பக்கம் பார்க்கும் சீட்டில் தோளுக்கு நேராகவோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். காரணம் எளிது. முன்னால் மோதும்போது, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்த பிள்ளை சீட்டின் முதுகில் அழுந்தி, அதன் மேலாகத் தலைப்பக்கம் ஏறப் பார்ப்பான். தோளுக்குக் கீழிருந்து வரும் பட்டை அவனைக் கீழே பிடித்து வைக்கும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தவன் முன்னால் எறியப்படுவான். அவனை நேராகப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கப் பட்டை தோள் உயரத்தில் அல்லது அதற்கு மேலே இருக்க வேண்டும். கீழிருந்து வந்தால் பட்டை தோளை வளைத்துக் கீழ்நோக்கி அழுத்தும். அந்த அழுத்தம் முதுகெலும்பில் இறங்கும், பிள்ளையும் கூடுதலாக முன்னால் போவான். சில சீட்டுகளின் கையேடு இதில் சற்று மாற்றிச் சொல்லியிருக்கும். அப்போது கையேடு சொல்வதையே செய்யுங்கள். அந்தச் சீட்டை அப்படித்தான் மோதிச் சோதித்திருப்பார்கள்.

உயரம் மாற்றுவது சீட்டுக்குச் சீட்டு வேறுபடும். சிலவற்றில் ஹெட்ரெஸ்ட்டை மேலே தூக்கினால் பட்டையும் கூடவே ஏறிவிடும். அப்படிச் செய்தால் ஹெட்ரெஸ்ட் ஒரு படியில் பூட்டி நிற்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு படிக்கு நடுவே நின்றால் பின்னர் இறங்கிவிடும். இன்னும் சிலவற்றில் பட்டையைப் பின்னால் தகட்டிலிருந்து கழற்றி, உருவி, மேல் துளையில் கோக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று படத்தில் தெரியவில்லை. கோக்கும் வகையாக இருந்தால் அந்த வேலையோடு மூன்றாவது காரணத்தையும் பார்த்துவிடலாம்.

இடது பட்டை மட்டும் அதிகமாக நழுவுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சீட்டின் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்கிறது. அந்த உலோகத் தகட்டின் இரண்டு கைகளிலும் பட்டையின் வளையங்கள் முழுசாக மாட்டியிருக்க வேண்டும். ஒரு வளையம் பாதி வெளியே வந்திருந்தால் அந்தப் பக்கம் தளரும். முழுக்கக் கழன்றால் பட்டையே இருந்தும் இல்லாததுதான். சில சீட்டுகளில் பட்டை நுனியில் இரண்டு வளையங்கள் இருக்கும், ஒன்று கைக்குழந்தைக்கு, ஒன்று வளர்ந்த பிள்ளைக்கு. ஒரு பக்கம் முதல் வளையமும் மறுபக்கம் இரண்டாவது வளையமும் மாட்டினால் நீளம் சமமாக வராது. இரண்டு பட்டையும் ஒரே உயரத் துளையில் போகின்றனவா, சீட்டின் துணியையும் அதற்கு அடியில் உள்ள கெட்டியான கூட்டையும் சேர்த்து ஊடுருவிப் போகின்றனவா, இடையில் எங்காவது முறுக்கி நிற்கின்றனவா என்றும் பாருங்கள். முறுக்கிய பட்டை கயிறு மாதிரி ஆகிவிடும். அகலமான பட்டை விசையைப் பரப்பி வாங்குகிறது, முறுக்கியது ஒரே கோட்டில் வெட்டுவதுபோல் அழுத்தும். உலோக நாக்கருகே முறுக்கிக்கொண்டால் பிரித்தெடுக்க வேண்டியதில்லை. முறுக்குக்குக் கொஞ்சம் மேலே பட்டையைக் குறுக்காக மடித்து, அந்த மடிப்பின் மேல் நாக்கை நகர்த்தித் தாண்டவிட்டால் நேராகிவிடும்.

பின்பக்கமே திரும்பவும் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கால் மடங்குவது சீட்டைத் திருப்புவதற்குக் காரணமே இல்லை. அந்த வயதில் சம்மணம் போட்டும், காலை மேலே தூக்கியும் அவர்கள் சௌகரியமாகத்தான் உட்கார்வார்கள். சீட்டின் ஓரத்தில் ஒட்டியுள்ள லேபிளையும் கையேட்டையும் பாருங்கள், பின்பக்கம் வைப்பதற்கு எத்தனை கிலோ, எத்தனை சென்டிமீட்டர் வரை அனுமதி என்று போட்டிருக்கும். 12 கிலோ அந்த எல்லைக்குள் இருந்து, தலை உச்சிக்கு மேல் கையேடு கேட்கும் இடைவெளியும் இருந்தால், தயங்காமல் மறுபடி பின்பக்கம் திருப்பிவிடுங்கள். அப்போது பட்டையைத் தோளுக்கு நேராகவோ கீழாகவோ இறக்க மறக்காதீர்கள். முன்னால் ஏர்பேக் வேலைசெய்யும் இருக்கையில் மட்டும் பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது.

பிறந்த குழந்தையின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது எட்டில் ஒரு பங்குதான். இரண்டு வயதிலும் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்தெலும்புகள் இன்னும் முற்றவில்லை. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே சேர்த்துத் தாங்கும். 1960களில் ஸ்வீடனின் பெர்டில் ஆல்ட்மேன் இப்படி ஒரு சீட்டை உருவாக்க முனைந்ததற்குத் தூண்டுதல், விண்வெளி வீரர்கள் மல்லாந்து கிடந்து முதுகு முழுவதிலும் விசையை வாங்கிக்கொள்ளும் விதம்தான். கார் சீட்டுகளுக்கான ஐக்கிய நாடுகளின் ஆர்129 விதியும் 15 மாதம் தாண்டும்வரை பின்பக்கம்தான் என்கிறது. அது குறைந்தபட்சம். சீட்டு இடம் கொடுக்கும்வரை அப்படியே வைத்திருப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அந்தக் கிளிப்புக்கு வருவோம். சில நாட்டுச் சீட்டுகளில் நெஞ்சுக் கிளிப் தயாரிக்கும்போதே சேர்ந்து வரும். வேறு சில நாடுகளில், ஒரே அழுத்தில் பிள்ளையை வெளியே எடுக்க முடிய வேண்டும் என்ற விதியால், கிளிப் இல்லாமலே சீட்டு வரும். சீட்டோடு வந்தது என்றால் அதை அக்குளுக்கு நேரே வையுங்கள். கீழே இறங்கி வயிற்றில் நின்றால் தோள் பட்டைகள் அகன்று விழும். மேலே ஏறினால் தொண்டையில் இடிக்கும். சீட்டோடு வராததை நீங்கள் சேர்க்கக் கூடாது. அந்தச் சீட்டை அந்தக் கிளிப்போடு யாரும் மோதிப் பார்க்கவில்லை. விபத்தில் உதவிக்கு ஓடிவருபவர் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் பிள்ளை ஏன் வரவில்லை என்று தடுமாறுவார். அந்த நொடிகள் முக்கியமானவை. இன்னொன்றும் உண்டு. எந்தக் கிளிப்பும் பிள்ளையைத் தாங்குவதற்கு இல்லை. பட்டைகள் தோளில் இருக்கும்படி வைப்பது மட்டுமே அதன் வேலை. தாங்குவது பட்டையும் பக்கிளும்தான். கைக்குட்டையால் கட்டுவது, ஊசி குத்துவது, ரிப்பன் முடிவது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

பஞ்சு உறையையும் எடுத்துவிடுங்கள். உறைக்கு அடியில் தளர்வு ஒளிந்துகொள்ளும், கிள்ளிப் பார்க்கவும் முடியாது, கிளிப் உள்ள சீட்டில் அதைச் சரியான உயரத்துக்கு வரவிடாமலும் தடுக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சீட்டோடு வந்த நெஞ்சு உறைகள் இருந்தால் அவற்றை நீங்களாகக் கழற்றாதீர்கள். சில சீட்டுகளில் அவை அலங்காரம் கிடையாது. உட்புறம் சொரசொரப்பாக இருந்து, மோதலில் பிள்ளை முன்னால் போவதைக் குறைப்பதற்காகவே வைத்திருப்பார்கள். கழற்றலாமா கூடாதா என்று கையேட்டில் எழுதியிருக்கும். முதுகுக்கோ பிட்டத்துக்கோ தனியாக வாங்கிய மெத்தை வைத்திருந்தால் அதற்கும் இடமில்லை. மோதலில் அது அமுங்கிவிடும், அது அமுங்கிய அளவுக்குப் பட்டை தளரும்.

தடித்த கோட்டும் இதே கதைதான். குளிர் நாட்களில் கோட்டோடு உட்காரவைத்து, கிள்ள முடியாதபடி இறுக்கி, பிறகு பட்டையைத் தளர்த்தாமல் பிள்ளையை எடுத்துக் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று பார்த்தால் பிறகு யாரும் சொல்லவே வேண்டாம். மெல்லிய உடையில் பட்டையை மாட்டிவிட்டு, கோட்டை முன்பக்கமாகக் கைகளில் நுழைத்துப் பட்டையின் மேல் போர்த்திவிடலாம். போர்வையும் அப்படித்தான், எப்போதும் பட்டைக்கு மேலே.

இவ்வளவும் செய்த பிறகு அவன் கையை வெளியே எடுப்பது பெரும்பாலும் நின்றுவிடும், ஏனென்றால் எடுக்க இடம் இருக்காது. சில பிள்ளைகள் சரியான இறுக்கத்திலும் தோளைக் குறுக்கிக் கையை உருவிவிடுவார்கள். அவர்களுக்குப் பட்டையை மேலும் மேலும் இறுக்கிப் பயனில்லை. பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். கோபப்படாமல், கொஞ்சாமல், ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "பட்டை தோளில் இருந்தால்தான் வண்டி ஓடும்." மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். மறுபடி எடுத்தால் மறுபடி நிறுத்துங்கள். அவசரமில்லாத ஒரு நாளில் இதற்காகவே வெளியே போவது நல்லது. அவசரத்தில் இருக்கும்போது நாம்தான் முதலில் விட்டுக்கொடுப்போம். அது அவனுக்குத் தெரியும். மாமியாரும் கணவரும் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், ஒருவர் விட்டுக்கொடுத்தால் மற்றவர் சொல்வது எடுபடாது. கைக்கு ஏதாவது வேலை கொடுப்பதும் உதவும். ஒரு புத்தகம், ஒரு மெல்லிய துணிப் பொம்மை. கனமான பொம்மை வேண்டாம், மோதலில் அது பறக்கும். பட்டையில் ஆர்வம் போகவே மாட்டேன் என்றால், ஒரு மெல்லிய சட்டையை முன்பின் மாற்றி, கோட்டுக்குச் சொன்னதுபோலப் பட்டைக்கு மேலே போட்டுவிடலாம். பட்டையோ பக்கிளோ கண்ணில் படாவிட்டால் பாதிப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். வெயில் காலத்தில் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை ஓட்டிக்கொண்டே பின்னால் கை நீட்டிப் பட்டையை ஏற்றிவிடுவது பலர் செய்வது. தயவுசெய்து வேண்டாம். உள்ளே தூங்கிவிட்டான் என்று பட்டையை மட்டும் பாதி கழற்றிவிட்டுச் சீட்டிலேயே விடுவதும் கூடாது. உடம்பு கீழே வழுக்கும்போது தளர்ந்த பட்டை கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து, சின்னக் குழந்தைகளுக்கு, வண்டி நிற்கும்போதும் உண்டு. ஒன்று முழுசாக மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, வாந்தி நாற்றம். சீட்டின் துணி உறையை, கையேடு அனுமதித்தால், மெஷினில் போடலாம். பட்டையைப் போடக் கூடாது. ஊறவைப்பது, ப்ளீச், கறை நீக்கும் திரவம், இஸ்திரி எதுவும் வேண்டாம். அவை இழையின் வலுவைக் குறைக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. மெல்லிய சோப்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பட்டையை நீளவாக்கில் திரும்பத் திரும்பத் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் சோப்பை எடுத்துவிட்டு நிழலில் காயவிடுங்கள். பக்கிளுக்குள் வாந்தியோ பிஸ்கட் தூளோ புகுந்து சொடுக்குச் சத்தம் மந்தமாகிவிட்டால், கையேட்டில் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசலாம். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அது தூசியை இழுத்து ஒட்டவைக்கும். துணி உறையைக் கழற்றுவதற்கு முன் முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது எந்தப் பட்டை எந்தத் துளையில் போனது என்று குழம்ப வேண்டியிருக்காது. துடைக்கும்போதே ஓரங்களைப் பாருங்கள். இழை பிரிந்திருந்தாலோ, வெட்டு இருந்தாலோ தைத்துச் சமாளிக்க வேண்டாம். சீட்டில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் தயாரித்த தேதியையும் குறித்துக்கொண்டு, அதே சீட்டுக்கான மாற்றுப் பட்டையைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அது வரும்வரை அந்தச் சீட்டில் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள்.